முஜிகாஷைக் கேட்கும்போது வயலினுக்கு அடியில் என்ன நடக்கிறது?

கேள்வி இது: "ஹங்கேரிய நாட்டுப்புற இசை என்று தேடினால் முஜிகாஷ் என்ற குழுதான் முதலில் வருகிறது. நாலு பேர், பெரும்பாலும் தந்தி வாத்தியங்கள், சில பாட்டுகளில் ஒரு பெண் பாடுகிறார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. வயலின் கொஞ்சம் சுருதி விலகியது போலவும் தோன்றுகிறது. இவர்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?"

நியாயமான கேள்வி. முதல் தடவை கேட்கிற எல்லோருக்கும் காது முதல் வயலினின் பின்னால்தான் போகும். இந்த இசையின் உயிர் அதற்கு அடியில், துணைக்கு வாசிக்கிற இரண்டு பேரின் வில்லில் இருக்கிறது. அந்த வில்லைக் கிராமத்துக் கலைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அப்படியே நகரத்து மேடைக்குக் கொண்டுவந்ததுதான் முஜிகாஷ் செய்த பெரிய காரியம். அதன் அருமை புரிய வேண்டுமென்றால் நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஹங்கேரிய இசை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள், லிஸ்ட்டின் ராப்சோடிகள், அப்புறம் புடாபெஸ்ட் உணவகங்களில் மேஜைக்கு மேஜை வந்து வாசிக்கும் வயலின். இவை 19ஆம் நூற்றாண்டின் நகரத்து இசையிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் படித்த, வசதியான ஆட்கள் பாட்டு எழுதினார்கள், ஜிப்சிகள் என்று மற்றவர்கள் கூப்பிடும் ரோமா இனத்து இசைக்கலைஞர்கள் அதை உணவகங்களில் வாசித்தார்கள். பிராம்ஸின் புகழ்பெற்ற ஐந்தாவது நடனமே பேலா கேலர் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஒரு சார்தாஷ், அதாவது ஹங்கேரிய ஜோடி ஆட்டத்துக்கான இசை. பிராம்ஸ் அதை நாட்டுப்புற மெட்டு என்று எண்ணி எடுத்துக்கொண்டார். அந்த இசையிலும் அழகு உண்டு. ஆனால் முஜிகாஷ் வாசிப்பது அது இல்லை.

கிராமத்தில் வேறொரு இசை இருக்கிறது என்பதை நகரம் கவனிக்க ஆரம்பித்தது பேலா பார்டோக், ஸோல்டான் கோடாய் என்ற இரண்டு இசையமைப்பாளர்களால். 1904இல் பார்டோக் ஒரு கிராமப்புற விடுதியில் தங்கியிருந்தபோது, அப்போது ஹங்கேரியின் கிழக்குப் பகுதியாக இருந்த டிரான்சில்வேனியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த லிடி டோஷா என்ற பெண் பாடியதைக் கேட்டார். அவர் அதுவரை பழகியிருந்த நகரத்துப் பாட்டுகளில் அந்த மெட்டைச் சேர்க்க முடியவில்லை. 1905, 1906 வாக்கில் இருவரும் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயதானவர்களைப் பாடச் சொல்லி மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். பார்டோக் ஹங்கேரியர்களோடு நிற்கவில்லை. ருமேனிய, ஸ்லோவாக் கிராமங்களுக்கும் போனார், 1913இல் அல்ஜீரியாவுக்கு, 1936இல் துருக்கிக்கு.

அவர்கள் பதிந்த பழைய மெட்டுகளில் பெரும் பகுதி ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை. நமக்குப் பழகிய பெயரில் சொன்னால், சுத்த தன்யாசியின் அதே ஐந்து ஸ்வரங்கள்: ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். கமகம் வேறு, நடை வேறு, ராகம் என்ற கருத்தே அங்கே கிடையாது. இருந்தாலும் நம் காதுக்கு ஏதோ ஒரு பழக்கம் தட்டுவதற்கு இதுதான் காரணம். இன்னொரு அடையாளம்: மெட்டு மேலே தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். முதல் இரண்டு அடிகளில் பாடியதையே அடுத்த இரண்டு அடிகளில் ஐந்து ஸ்வர இடைவெளி கீழே இறக்கிப் பாடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் "எல்லாம் ஒரே மாதிரி" என்ற எண்ணம் பாதி போய்விடும், ஏனென்றால் எது பழைய வகை, எது பின்னால் வந்தது என்று காதே பிரிக்கத் தொடங்கிவிடும்.

அந்த மெழுகு உருளையில் ஒரு குறை இருந்தது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் பதிய முடியாது. ஒரு ஆள் குழாய்க்கு முன் நின்று பாடினால் நன்றாகப் பதியும். ஒரு குழுவே அரை மணி நேரம் நிறுத்தாமல் ஆட்டத்துக்கு வாசிப்பதை அதில் பிடிக்க வழியில்லை. கோடாய், பார்டோக் இருவருடைய அக்கறையும் பாட்டின் மீதுதான் அதிகம். அதனால் ஆயிரக்கணக்கான மெட்டுகள் காகிதத்துக்கு வந்தன. அந்த மெட்டுகளுக்குக் கீழே கிராமத்துத் தந்தி வாத்தியக் குழு என்ன வாசித்தது என்பது பெரும்பாலும் வரவில்லை. விதிவிலக்கு லாஸ்லோ லாய்த்தா என்ற இசையமைப்பாளர். 1940களின் தொடக்கத்தில் டிரான்சில்வேனியாவின் சேக் என்ற ஊரின் குழுவைப் பதிந்து, வயலின் மட்டும் இல்லாமல் துணை வாத்தியங்களின் பகுதியையும் சேர்த்து ஒவ்வொரு வில் அசைவாக எழுதி 1954இல் வெளியிட்டார். பிற்காலத்தில் அந்தப் புத்தகம்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

இதற்கிடையில் நாடு மாறிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920இல் கையெழுத்தான ட்ரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. பழைய இசை மிக அடர்த்தியாக உயிரோடிருந்த கிராமங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் போயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹங்கேரியில் வந்த கம்யூனிச அரசு நாட்டுப்புறக் கலையை ஆதரித்தது உண்மைதான். ஆனால் சோவியத் பாணியில். 1951இல் தொடங்கிய அரசு நாட்டுப்புறக் குழுவில் பெரிய இசைக்குழு, சேர்ந்திசை, ஒரே உடையில் வரிசையாக ஆடும் நடனக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் ஒருவன் தன் இஷ்டத்துக்கு ஆடுவதும், வயலின்காரர் அவன் காலைப் பார்த்து வாசிப்பதும் அந்த மேடையில் நடக்க முடியாத காரியம்.

திருப்பம் 1972இல் வந்தது. ஃபெரென்ஸ் ஷெபோ, பேலா ஹல்மோஷ் என்று இரண்டு பேர், கட்டடக் கலை படித்தவர்கள். நடன ஆய்வாளர் ஜ்யோர்ஜி மார்ட்டின் அவர்களுக்கு லாய்த்தாவின் சேக் பதிவுகளைக் காட்டினார். ஹல்மோஷ் அந்தக் குறிப்புகளை வைத்துப் பழகினார். அப்புறம் சேக் ஊருக்கே போனார்கள். அங்கே பாட்டும் ஆட்டமும் பண்டிகைக்கு என்று எடுத்து வைத்த பொருளாக இருக்கவில்லை. இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாத்தியக்காரர்களுக்குக் காசு கொடுத்து, வாரந்தோறும் ஆடினார்கள். அதை அந்த ஊர்க்காரர்கள் ஆட்ட வீடு என்றார்கள். அதே ஏற்பாட்டை புடாபெஸ்டில், 1972 மே 6ஆம் தேதி, லிஸ்ட் ஃபெரென்ஸ் சதுக்கத்தில் ஒரு புத்தகக் கழகத்தில் செய்து பார்த்தார்கள். முதலில் சில நடனக் குழுக்களுக்குள் மட்டும் இருந்தது. பிறகு நடன ஆசிரியர் ஷாண்டோர் டீமாரும் பார்டோக் நடனக் குழுவும் கதவைத் திறந்துவிட்டு, வருகிற யாருக்கும் ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். பார்வையாளர் வரிசை என்று ஒன்று இல்லாத நிகழ்ச்சி அது. வந்தவர்கள் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

முஜிகாஷ் பிறந்தது அடுத்த வருஷம், 1973இல். மிஹாய் ஷிபோஷ் முதல் வயலின். ஷாண்டோர் சோரி துணை வயலின், பேக்பைப். அதே பெயர் கொண்ட கவிஞர் ஷாண்டோர் சோரியின் மகன் இவர். டானியேல் ஹமார் பேஸ் வாசித்தார், தொழில்முறையில் அவர் புவி இயற்பியலாளர். பீட்டர் ஏரி பின்னால் வந்து சேர்ந்தார். மேலே சொன்ன ஆய்வாளர் மார்ட்டினின் வளர்ப்பு மகன், சிறு வயதிலேயே கிராமப் பதிவுகளின் நடுவில் வளர்ந்தவர். 1990களில் சோரி விலகியபோது லாஸ்லோ போர்டெலெக்கி இரண்டாவது வயலின்காரராக வந்தார். இவர்கள் யாரும் அந்த மரபுக்குள் பிறந்தவர்கள் கிடையாது. நகரத்துப் பிள்ளைகள், ரயில் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டவர்கள்.

அந்த ரயில் பயணம் சாதாரணமாக இருக்கவில்லை. சர்வாதிகாரி செளசெஸ்குவின் ருமேனியாவில் 1974இலிருந்து வெளிநாட்டவர் தனியார் வீடுகளில் தங்கத் தடை இருந்தது. தங்க வைத்த குடும்பத்துக்கு அபராதம், விசாரணை. இசை சேகரிக்கப் போகிறவர்கள் நண்பர் வீட்டுக்குப் போவது போலப் போனார்கள், பதிவுக் கருவியை மறைத்து வைத்தார்கள். அந்தப் பக்கம் இவர்களுக்கு வழிகாட்டியவர் ஸோல்டான் கல்லோஷ். 1926இல் டிரான்சில்வேனியாவில் பிறந்தவர், 2018 வரை வாழ்ந்தவர். ஆட்சியின் தொல்லைகளுக்கு நடுவே ஆயுசு முழுக்கப் பாட்டு சேகரித்தார். எந்த ஊரில் எந்தக் கிழவிக்கு எந்தப் பாட்டு தெரியும் என்பது அவர் நாக்கு நுனியில் இருந்தது. கல்லோஷ் இல்லாமல் புடாபெஸ்டின் ஆட்ட வீட்டு இயக்கம் இந்த உயரத்துக்கு வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, இப்போது அந்த வில்லுக்கு வருவோம்.

டிரான்சில்வேனியக் கிராமக் குழுவின் குறைந்தபட்ச அமைப்பு மூன்று பேர். ப்ரீமாஷ் என்கிற முதல் வயலின்காரர் மெட்டை வாசிக்கிறார். பேஸ்காரர் அடித்தளம் போடுகிறார். பல ஊர்களில் அது செல்லோ அளவே இருக்கும், மூன்று தந்தி கட்டியிருப்பார்கள். நடுவில் இருப்பவர்தான் கோன்ட்ரா வாசிப்பவர். கோன்ட்ரா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாதான், ஆனால் இரண்டு மாற்றங்களோடு. நாலு தந்திக்குப் பதில் மூன்று. தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாக இல்லாமல் தட்டையாகச் செதுக்கப்பட்டிருக்கும். சாதாரண வயலினில் குதிரை வளைந்திருப்பதால்தான் ஒவ்வொரு தந்தியையும் வில் தனித்தனியாகத் தொட முடிகிறது. அதைத் தட்டையாக்கினால் வில் எங்கே பட்டாலும் மூன்று தந்தியும் ஒன்றாகப் பேசும். அதாவது இந்த வாத்தியத்தால் மெட்டு வாசிக்க முடியாது, கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு மட்டும்தான் வாசிக்க முடியும். அதைத் தோளில் தட்டையாகப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் திருப்பி மார்போடு அணைத்து வைத்துக்கொள்வார்கள், கை இரவெல்லாம் வலிக்காமல் பலமாக இழுக்க.

இந்தக் கோன்ட்ரா வாசிக்கும் கார்டுகளைக் கவனியுங்கள். சேக், மெஸோஷேக் பகுதிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மேஜர் கார்டு. மேலே வயலின் சாதாரண காந்தாரத்தில் சோகமாக ஒரு மெட்டை இழுத்துக்கொண்டிருக்கும். கீழே கோன்ட்ரா அதே இடத்தில் அந்தர காந்தாரம் உள்ள கார்டைப் போடும். இரண்டு காந்தாரமும் ஒரே நேரத்தில் உரசும். மேற்கத்திய இசைப் பள்ளியில் இதைத் தவறு என்று திருத்துவார்கள். கிராமத்தில் இதுதான் சரி. மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் கார்டும் நகர்ந்துகொண்டே இருக்கும், அது எந்த ஸ்வர வரிசைக்குச் சொந்தம் என்ற கவலை இல்லாமல். நீங்கள் "சுருதி விலகியது போல" என்று கேட்டீர்களே, அதற்குப் பெரும் பகுதி பதில் இங்கேதான். இந்த உரசல் வேண்டுமென்றே வைத்தது. அது இல்லாவிட்டால் அந்த இசையிலிருந்து காரம் போய்விடும். இன்னொரு பகுதி, வயலின்காரர்கள் சில ஸ்வரங்களைப் பியானோவின் கட்டைகளுக்கு நடுவில் வைப்பது. நம் சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது தாளம். தாள வாத்தியம் எதுவும் இல்லாமல் இரவு முழுக்க ஆட வைக்கிறார்கள். எப்படி? இரண்டு முறைகள் முக்கியம். ஒன்றை எஸ்டம் என்பார்கள்: பேஸ் அடியில் விழும், கோன்ட்ரா அடிக்கு நடுவில் விழும். வேகமான ஆட்டங்களுக்கு. இன்னொன்று தூவோ: ஒரே வில் இழுப்பில் இரண்டு துடிப்பு, இரண்டாவதில் ஓர் அழுத்தம். வில்லை எடுக்காமலேயே இழுப்பின் நடுவில் மணிக்கட்டால் ஒரு தள்ளு. மெதுவான சார்தாஷ்களில் இது வரும்போது குழு முழுவதும் மூச்சு விடுவது கேட்கும். மெஸோஷேக்கின் மெதுவான ஜோடி ஆட்டங்களில் இந்த இரண்டு துடிப்பும் சம அளவாக இருக்காது. ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று குறைவு, அந்த வித்தியாசமும் ஊருக்கு ஊர் மாறும். ஐந்து, ஏழு என்று எண்ணி எழுதிப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். எழுதியதைப் பார்த்து வாசித்தால் ஆட்டம் வராது. ஆடுகிறவன் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற எடுக்கிற நேரம் அது. அதனால்தான் முஜிகாஷ்காரர்கள் வாசிக்கக் கற்றபோதே ஆடவும் கற்றார்கள்.

கிழக்கே, கார்பாத்திய மலையில் ஜிமேஷ் பள்ளத்தாக்குக்குப் போனால் குழு இரண்டு பேராகச் சுருங்கிவிடும்: ஒரு வயலின், ஒரு கார்டோன். கார்டோன் பார்வைக்குச் செல்லோ போல இருக்கும், முரட்டுத்தனமாகச் செதுக்கியது. அதை வில்லால் வாசிப்பதில்லை. வலது கையில் ஒரு குச்சியால் தந்திகளை அடிப்பார்கள். இடது கை விரலால் ஒரு தந்தியைச் சுண்டி இழுத்து விடுவார்கள், அது பலகையில் மோதி "டக்" என்று தெறிக்கும். ஒரு அடி, ஒரு சுண்டல். ஜிமேஷில் யானோஷ் ஜெர்குலா என்ற பார்வை மங்கிய மாபெரும் வயலின்காரர் இருந்தார். அவருடைய மனைவி ரெகினா ஃபிகோதான் அவருக்குக் கார்டோன் அடித்தவர். கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தையே நடத்தி வைப்பார்கள். முஜிகாஷ் மேடையில் ஹமார் கார்டோனைக் கையில் எடுக்கும்போது, அந்த ஜோடியின் கைகளை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

முஜிகாஷ்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்த கிராமத்து வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் ரோமா மக்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்டோக் நகரத்து "ஜிப்சி இசை"யையும் விவசாயிகளின் இசையையும் பிரித்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு, உண்மையான ஹங்கேரிய இசையில் ரோமா மக்களுக்குப் பங்கில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. கிராமத்தில் நிலைமை நேர்மாறு. விவசாயிகள் ஆடினார்கள், பாடினார்கள். வாத்தியம் வாசிப்பது ரோமா குடும்பங்களின் தொழில், அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. டிரான்சில்வேனியாவின் கலோடாசெக் பகுதியைச் சேர்ந்த ஷாண்டோர் ஃபோடோர், எல்லோரும் "நெட்டி" என்று கூப்பிட்டவர், அப்படிப்பட்ட ஒரு மேதை. மாஜர்பலாட்கா ஊரின் கோடோபா குடும்பமும் அப்படித்தான். ஒரே பகுதியில் ஹங்கேரியர், ருமேனியர், ரோமா மூவருக்கும் அவரவர் ஆட்டம், அவரவர் மெட்டு. வாசிக்கிற குழு ஒன்றுதான், யார் ஆட எழுந்தாலும் அவர்களுடையதை வாசிக்க அதற்குத் தெரியும். ஊரில் ஒவ்வொரு ஆளுக்கும் "என் பாட்டு" என்று ஒன்று இருக்கும். அவர் ப்ரீமாஷின் முன்னால் வந்து நின்றால் அவர் வாயைத் திறப்பதற்கு முன் வயலின் அதைத் தொடங்கியிருக்க வேண்டும். சில நூறு பேரின் சொந்தப் பாட்டுகளை மனதில் வைத்திருக்கிற ஞாபகம் அது. இறந்துபோனவரின் பாட்டையும் அவருடைய பிள்ளைகளுக்காக வாசிப்பார்கள்.

பாடகி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் மார்த்தா செபெஷ்ட்யேன். அம்மா இசை ஆசிரியை, கோடாயின் மாணவி. 1980 வாக்கிலிருந்து பல ஆண்டுகள் முஜிகாஷோடு பாடினார். அழகான குரல் என்பதோடு நிறுத்திவிட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு ஊரின் உச்சரிப்பையும், எந்த எழுத்தில் குரலை உடைக்கிறார்கள், எந்த இடத்தில் சின்னதாக ஒரு நகாசு போடுகிறார்கள் என்பதையும் பிடித்துக்கொண்டார். 1995இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் தங்கள் "போஹேம்" ஆல்பத்தில் அவர் குரலைச் சேர்த்தார்கள், அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. 1996இல் வந்த "தி இங்கிலிஷ் பேஷண்ட்" படத்தில் வருவதும் அவர் குரல்தான். படத்தில் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அவரைத் தெரிந்துகொள்ள அந்த இரண்டும் சரியான இடம் இல்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல், ஒரு புலம்பல் பாட்டைத் தனியாக, தாளக்கட்டு இல்லாமல் அவர் பாடுவதைக் கேளுங்கள். அந்த வகைக்குக் கெஷெர்வெஷ் என்று பெயர்: சிறை, பட்டாளம், அநாதையான வாழ்க்கை, பிரிவு. ஒருவர் தனக்குத் தானே பாடிக்கொள்கிற பாட்டு.

1970, 80களில் இப்படிப் பாடுவதற்கு இன்னொரு கனமும் இருந்தது. ஹங்கேரிய அரசு கலைகளை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது: ஆதரிப்பவை, சகித்துக்கொள்பவை, தடை செய்பவை. ஆட்ட வீடு நடுவில் கிடந்தது. எல்லைக்கு அப்பால் இருக்கிற ஹங்கேரியர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது "சகோதர நாடான" ருமேனியாவுக்குப் பிடிக்காது என்பதால் அடக்கியே வாசிக்கப்பட்ட விஷயம். அந்த நேரத்தில் 1986இல் முஜிகாஷ் வெளியிட்ட ஆல்பம் முழுக்க கைதிகள், தலைமறைவானவர்கள், வீடு இழந்தவர்களின் பழைய பாட்டுகள். ஆங்கிலத்தில் "தி பிரிசனர்ஸ் சாங்" என்ற பெயரில் அது வந்தது. யாரையும் பெயர் சொல்லவில்லை, எல்லாமே நூறு இருநூறு வருஷப் பாட்டு. கேட்டவர்களுக்கு எதைப் பற்றி என்று புரிந்தது. ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் அவர்களைத் தன் ஹானிபல் நிறுவனத்தின் மூலம் மேற்கே கொண்டுபோனார், உலகம் அப்போதுதான் பெயரைக் கேட்டது. பிற்பாடு 1999இல் ஹங்கேரியின் உயரிய கலை விருதான கோஷுத் பரிசு, 2008இல் உலக இசைக்கான வோமெக்ஸ் விருது.

என்னிடம் ஒரே ஒரு ஆல்பம் சொல் என்றால் நான் சொல்வது 1993இல் வந்த "மாராமரோஷ்". அதற்கு ஒரு கதை உண்டு. வடக்கு டிரான்சில்வேனியாவின் மாராமரோஷ் பகுதியில் ஏராளமான யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களின் கல்யாணங்களுக்கு ரோமா குழுக்களே வாசித்தன. 1944இல் அந்த யூதர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கேட்பதற்கும் ஆடுவதற்கும் ஆளில்லாமல் அந்த மெட்டுகள் அநாதையாயின. ஆனால் வாசித்தவர்களில் சிலர் பிழைத்திருந்தார்கள். முஜிகாஷ்காரர்கள் கியோர்கே கோவாச் என்ற முதிய ரோமா வயலின்காரரையும் ஆர்பாட் டோனி என்ற சிம்பலோம் (சிறு குச்சிகளால் தந்திகளை அடித்து வாசிக்கும் வாத்தியம்) கலைஞரையும் கண்டுபிடித்தார்கள். சிறுவயதில் யூதக் கல்யாணங்களில் வாசித்த மெட்டுகள் கோவாச்சின் விரல்களில் இன்னும் இருந்தன. அதோடு ஸோல்டான் ஷிமோன் என்ற இசை ஆய்வாளர் சேகரித்திருந்த குறிப்புகளும் கிடைத்தன. அந்த முதியவர்களையே உட்கார வைத்து, தாங்கள் துணைக்கு வாசித்து அந்த ஆல்பத்தைச் செய்தார்கள்.

அதில் மார்த்தா பாடும் ஒரு பாட்டு சேவல் கூவுவதைப் பற்றியது. நாகிகாலோ ஊரின் ரப்பி ஒருவர், ஹசீதியர் என்ற யூத பக்திப் பிரிவின் மதகுரு, 18ஆம் நூற்றாண்டில், புல்வெளியில் ஒரு இடையன் சிறுவன் பாடிக்கொண்டிருந்த இந்தப் பாட்டைக் கேட்டு மயங்கி, காசு கொடுத்து அவனிடமிருந்து வாங்கினார் என்பது ஐதீகம். வாங்கியதும் ரப்பிக்குப் பாட்டு வந்துவிட்டது, சிறுவனுக்கு மறந்துவிட்டது என்று சொல்வார்கள். ஹங்கேரிய விவசாயி மெட்டில் ஹீப்ரு வரி கலந்து, மீட்சிக்காகக் காத்திருக்கும் பாட்டாக அது ஹசீதியர்களிடம் இன்றும் இருக்கிறது. யார் பாட்டு இது என்று கேட்டால் யாருக்கும் ஒரே பதில் சொல்ல வராது. இந்தப் பகுதியின் இசை முழுவதும் இப்படித்தான், கலந்து கலந்து.

இரண்டாவதாக 1999இன் பார்டோக் ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் பார்டோக் மெழுகு உருளையில் பதிந்த கரகரப்பான மூலக் குரல்கள் இருக்கின்றன, அதே மெட்டுகளைக் கிராமப் பாணியில் முஜிகாஷ் வாசிக்கிறது, அலெக்ஸாண்டர் பலனெஸ்குவோடு சேர்ந்து பார்டோக்கின் 44 வயலின் இரட்டைகளில் சிலவும் வருகின்றன. ஒரே மெட்டு ஒரு விவசாயியின் வாயிலிருந்து கச்சேரி மண்டபம் வரை போன வழி காதுக்கு முன்னால் விரியும். பிற்பாடு டகாச்ச் குவார்ட்டெட்டோடு சேர்ந்தும் இதே போலப் பல மேடைகளில் வாசித்தார்கள்: அவர்கள் பார்டோக்கின் குவார்ட்டெட், இவர்கள் அதன் வேர். பார்டோக் கடினம் என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. மூன்றாவது, மேலே சொன்ன 1986 ஆல்பம். அதைக் கடைசியில் வையுங்கள், கனமானது.

கேட்கும் முறைக்கு ஒரு யோசனை. ஒரு ஆட்டத் தொகுப்பை எடுத்துக்கொண்டு முதல் தடவை வயலினை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள், கோன்ட்ராவை மட்டும் பின்தொடருங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. எங்கே தூவோ எஸ்டமாக மாறுகிறது என்று பிடியுங்கள், அந்த இடத்தில்தான் மெது ஆட்டம் வேக ஆட்டமாகிறது. அறிவிப்பு கிடையாது, நடுவில் நிறுத்தமும் கிடையாது. இரண்டாம் தடவை வயலினுக்குத் திரும்பினால் மெட்டு வேறு மாதிரி கேட்கும். அப்புறம் யாராவது லெகேன்யெஷ் ஆடும் காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது கலோடாசெக் ஆண்களின் தனி ஆட்டம், பூட்ஸில் கையால் அறைந்துகொண்டு ஆடுவது. ஆடுகிறவரைப் பார்க்காமல் ப்ரீமாஷின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது அவர் கால்களை விட்டு நகராது.

முஜிகாஷ் பழகிவிட்டால் அவர்களோடு நிற்க வேண்டாம். அதே இயக்கத்திலிருந்து வந்த டேக்கா, கலமாய்க்கா, மேட்டா குழுக்கள் இருக்கின்றன. ஹங்கேரியில் வாழும் செர்பிய, குரோஷிய மக்களின் தம்புரா இசைக்கு (நம் தம்புரா இல்லை, மீட்டி மெட்டு வாசிக்கும் தந்தி வாத்தியம்) வுயிச்சிச் குழு. மூலத்தையே கேட்க வேண்டும் என்றால் சாஸ்சாவாஷ் என்ற டிரான்சில்வேனிய ஊரின் ரோமா குழுவைத் தேடுங்கள். முஜிகாஷைவிட முரடு, வேகம் அதிகம், சில இடங்களில் மூச்சு முட்டும். 1990களின் கடைசியில் புடாபெஸ்டின் ஃபோனோ இசை இல்லம் மிச்சமிருந்த கிராமக் குழுக்களை ஒவ்வொன்றாக நகரத்துக்கு வரவழைத்து, "கடைசி மணி நேரம்" என்ற பெயரில் அவர்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்தது. அந்தப் பதிவுகளிலிருந்து "ஊய் பாட்ரியா" என்ற தொடர் வந்தது, ஒவ்வொரு தட்டும் ஒரு ஊர். புடாபெஸ்ட் போகிற வாய்ப்பு இருந்தால் வசந்த காலத்தில் போங்கள். 1982இலிருந்து ஆண்டுதோறும் அப்போதுதான் நாடு தழுவிய ஆட்ட வீட்டுச் சந்திப்பு நடக்கிறது. ஆட்ட வீட்டு முறையை 2011இல் யுனெஸ்கோ, மரபைக் காப்பாற்றுவதற்கான சிறந்த முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்தது. வாரநாட்களிலும் நகரத்தில் எங்காவது ஒரு ஆட்ட வீடு நடந்துகொண்டுதான் இருக்கும். ஆடத் தெரியாது என்று ஓரத்தில் நிற்காதீர்கள், தொடக்கத்தில் அடி எடுத்து வைக்கச் சொல்லித்தருவார்கள். தட்டையான அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், ரப்பர் அடிப்பாகம் வேண்டாம், அது தரையைப் பிடித்துக்கொள்ளும், சுழல முடியாது.